பிளாஸ்டிக் உரிக்காத விமானம்

முதலாளியின் மைத்துனர் எழுந்தபோது இருக்கையும் கூடவே எழுந்தது.

முழு இருக்கையும் இல்லை. அதன் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை. மே மாதத்து மதியம், தில்லி வெயில், காலையிலிருந்து வெட்டவெளியில் நின்றிருந்த நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். மைத்துனர் உள்ளே போய் உட்கார்ந்து, கைப்பேசியில் தன்னைத்தானே ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டு, போதும் என்று எழுந்தார். சர்ர்ர் என்று ஒரு சத்தம். அவர் சட்டையின் முதுகு வேர்வையில் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் சூட்டில் இளகி இருக்கையின் தோலோடு ஒட்டியிருந்தது. எது எதை விடுவது என்று முடிவாகாமல் மனிதர் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார்.

நான் இறக்கையின் மேல், கதவுக்குப் பக்கத்தில், கையில் துணியோடு நின்றிருந்தேன். சிரிக்கக்கூடாது என்பது எங்கள் வேலையில் யாரும் எழுதி வைக்காத விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தின் வாலைப் பார்த்தேன்.

கீழே குடை பிடித்து நின்ற மேடம், முதலாளியின் மனைவி, பதறிப்போனார். கிழித்துவிடாதே, மெதுவாக, மெதுவாக என்று இந்தியில் கெஞ்சினார். அக்காவுக்குத் தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே மனம் இளகியது. அப்புறம்தான் புரிந்தது, கெஞ்சியது பிளாஸ்டிக்குக்காக.

விமானத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டு இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் எழுதியிருந்தார். ஓட்டுகிற வேலை இல்லை ஐயா. துடைக்கிற வேலையில் சேர்ந்தேன், பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எந்த விமானத் தளம், யாருடைய விமானம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதலாளியைப் பல்லா சாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபங்கள் வைத்திருப்பவர். ஒருநாள் மண்டபத்துக்கு மணமகனைக் குதிரைக்குப் பதில் விமானத்தில் இறக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை வாங்கிவிட்டார். மண்டபத்தில் அதை எங்கே இறக்குவது என்ற கேள்வி வாங்கிய பிறகுதான் வந்தது.

நிழல் யாருக்கு

விமானத்துக்கு என்று ஒரு பெரிய கொட்டகை இருந்தது. ஹாங்கர் என்பார்கள். விமானம் அதற்குள் இல்லை.

உள்ளே பதினான்கு சிம்மாசனங்கள் இருந்தன. மணமக்கள் உட்காரும் பொன்வண்ண சிம்மாசனங்கள். வெயிலில் வைத்தால் பொன் உரிந்துவிடுமாம். இரண்டு பிளாஸ்டர் யானைகள், நாலைந்து தொங்குவிளக்குகள், வெல்வெட் சுருள்கள். ஒரு வெளிநாட்டுக் காரும் இருந்தது. அதற்கு அளவெடுத்துத் தைத்த மெத்தென்ற உறை வேறு. யானைகளுக்கு முகத்தில் மட்டும் துணி கட்டியிருந்தார்கள், தூசி படாமல் இருக்க.

நிழலில் சிம்மாசனம், வெயிலில் விமானம். இதைப் பற்றி நான் ஒருமுறை பேச்செடுத்தேன். விமானம் வானத்தில் பறக்கிற பொருள்தானே, வெயிலுக்குப் பயந்தால் எப்படி என்று பல்லா சாப் கேட்டார். நியாயமான கேள்விபோலத்தான் ஒலித்தது. பணக்காரர்களின் கேள்விகள் பெரும்பாலும் அப்படித்தான் ஒலிக்கின்றன.

இருக்கைகளுக்கு வெண்ணெய் நிறத்தில் புதிதாகத் தோல் போட்டிருந்தார்கள். தோல் தைத்தவர்கள் கொண்டுவரும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்கவே கூடாது என்பது மேடத்தின் ஆணை. வேறொரு மாநிலத்து அமைச்சர் ஒருவர் சாணக்யபுரியில் தன் மாநில விருந்தினர் இல்லத்துக்கு அடிக்கடி வந்து தங்குவார். அவர் வந்து உட்காரும் அன்று, அவர் கண்முன்னால்தான் உரிக்க வேண்டும். அமைச்சர் அடுத்த வாரம் வருவதாக இருந்தார். நான் அங்கே இருந்த காலம் முழுக்க அவர் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தார்.

அதற்குள் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வாடை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. உருகிய பிளாஸ்டிக், புதுத் தோல், கிரீடம்போல் ஒரு புட்டியில் மேடம் வைத்திருந்த ரோஜா சென்ட், மூன்றும் சேர்ந்து வேகிற வாடை.

அம்மா துடைத்த சோபா

இந்தப் பிளாஸ்டிக் பக்தி பல்லா சாப் வீட்டோடு நிற்பதில்லை. தில்லிக்கே உரியது. புதுக் காரின் கதவுகளில் இருக்கும் மெல்லிய தாளை இரண்டு வருடம் கழித்தும் உரிக்காமல் வைத்திருப்பார்கள். டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த உறைக்கு ஒரு ரப்பர் வளையம். உரித்துவிட்டால் பொருள் பழசாகிவிட்டது என்று அர்த்தம். யார் உரிப்பார்கள்?

என் அம்மா மோதி பாக்கில் ஓர் அதிகாரியின் வீட்டில் வேலை செய்தாள். அப்பா கட்டட வேலை. கான்கிரீட் போடும் ஆள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, ஜுக்கிக் குடிசைப் பகுதியில் ஒரு அறை போட்டு, என்னை மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவன் நான்தான்.

அந்த அதிகாரி வீட்டுச் சோபாவை அம்மா ஆறு வருடம் தினமும் துடைத்தாள். அதன் நிறம் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பிளாஸ்டிக், அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பு, விருந்தாளி வந்தால் விரிப்பை மட்டும் எடுப்பார்கள். வெயில்படும் ஜன்னலோரம் போட்டிருந்தார்களாம். மாற்றலாகிப் போகும் நாளில்தான் பிளாஸ்டிக்கைக் கிழித்தார்கள். துணி திட்டுத்திட்டாக வெளுத்து, உள்ளே இருந்த நுரைப்பஞ்சு மாவாகக் கொட்டியது.

அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன விதம்தான் விசேஷம். "நல்லாத்தான்டா வெச்சிருந்தாங்க. யாருக்கு வெச்சிருந்தாங்கன்னுதான் தெரியல."

அப்பா அன்றைக்குச் சிரித்துச் சிரித்துச் சோற்றைப் புரையேற்றிக்கொண்டார்.

வெள்ளைத் துணி

வெயில் ஒரு சின்ன விமானத்தின் உள்ளே என்ன செய்யும் என்று நான் படித்திருந்தேன். படித்ததை நம்புகிற வயது. மானிகள் பதித்த முன்பக்கப் பலகையின் மேல்மூடி முதலில் வெடிக்கும். பிறகு கதவோரத்துப் பிளாஸ்டிக் பாகங்கள் பிஸ்கட்டாகும். இருக்கைப் பட்டைகள் வெளுக்கும். வெளுத்த பட்டையில் நிறம் மட்டும் போவதில்லை, வலுவும் போகும். மானிகளின் எழுத்து மங்கும். சாத்திய கதவுக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மறதியாகப் பலகைமேல் வைத்த என் பிளாஸ்டிக் அளவுகோலை மாலையில் எடுத்தேன். வளைந்து வில்லாகி இருந்தது.

வழி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வெயிலை உள்ளே வரவிட்டு அப்புறம் திரை போடுவதைவிட, ஜன்னலுக்கு வெளியிலேயே அதை நிறுத்திவிடுவது நல்லது. வெள்ளைக் கான்வாஸில் ஓர் உறை, ஜன்னலைத் தொடும் பக்கத்தில் கீறாத மெல்லிய பருத்தி, விமானத்தின் வயிற்றுப் பக்கம் வார் போட்டு இழுத்துக் கட்டுவது. உள்ளே பலகையின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு. இருக்கைகளிலிருந்து அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிவது. முடிந்தது வேலை.

இதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதி, விமானத்தின் படம் வரைந்து, வார் எங்கே வரும் என்று அம்புக்குறி போட்டுப் பல்லா சாப்பிடம் கொடுத்தேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

அச்சா, என்றார். பிறகு, எங்கள் காலனியில் ஸ்கூட்டரை இப்படித்தான் மூடி வைப்பார்கள் என்றார். ஸ்கூட்டரை மூடினால் ஸ்கூட்டர் என்று தெரியும், இதை மூடினால் என்ன என்று எவனுக்குத் தெரியும்? வாசலில் கார் நிறுத்துகிறவன் பார்க்கத்தானே வாங்கினேன்?

அந்தக் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டே போனார். அதன் உபயோகம் அத்தோடு முடிந்தது.

கரோல் பாகிலிருந்து இருவர்

ஆனாலும் வெயில் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. அதுதான் நான் செய்த தவறு. அடுத்த வாரம் கரோல் பாகிலிருந்து கார் அலங்காரக் கடைக்காரர்கள் இருவர் வந்து இறங்கினார்கள். அண்ணன் தம்பி. கையில் கறுப்பு ஃபிலிம் சுருள், சோப்புத் தண்ணீர், சூடு ஊதும் துப்பாக்கி.

காருக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிக்கும். விமானத்துக்கு ஒட்டினால் யார் விரட்டிப் பிடிப்பது என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் குறுக்கே போனேன். இது கண்ணாடி இல்லை, அக்ரிலிக், ஒருவகைப் பிளாஸ்டிக், இதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது, கறுப்பு சூட்டை வாங்கி இதிலேயே தேக்கிவிடும், விரிசல் விடும் என்றேன். அண்ணன் ஜன்னலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "பையா, நான் பதினைஞ்சு வருஷமாக் கண்ணாடிதான் பார்க்கிறேன்" என்றான். தம்பி துப்பாக்கியின் வயரை பிளக்கில் செருகினான்.

ஓடினேன், கோபாலன் சாரிடம்.

கோபாலன் சார்தான் எங்கள் தலைமைப் பொறியாளர். அவருடைய அப்பா மத்திய அரசு குமாஸ்தாவாகத் தில்லி வந்து கரோல் பாகில் வாடகைக்கு இருந்தவர். சார் பிறந்தது இங்கேதான். அவர் பேசும் மொழியில் ஓர் ஒழுங்கு உண்டு. வேலையைப் பற்றி என்றால் ஆங்கிலம். கோபம் என்றால் இந்தி. தமிழ், டீ வாங்கிவரச் சொல்ல மட்டும்.

அவர் கையெழுத்துதான் என் உயிர். உரிமத் தேர்வு எழுத வேண்டுமானால் அனுபவப் பதிவேடு வேண்டும். எந்த நாளில், எந்த வேலை செய்தேன் என்று ஒவ்வொரு வரியும் நான் எழுத, ஒவ்வொரு வரிக்கும் நேரே மேற்பார்வையிட்ட பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். தேர்வு எழுதித் தேறினால் நானே இன்னொருவர் வேலைக்குக் கையெழுத்துப் போடலாம். தேறாவிட்டால் ஆயுசுக்கும் துணிதான். சார் வாரந்தோறும் போட வேண்டியதைப் பதினோரு மாதமாகப் போடவில்லை. மறுத்தார் என்று சொல்ல முடியாது. பேனாவைத் தேடினார், அவ்வளவுதான். பதினோரு மாதமாகத் தேடினார்.

ஓடிப்போய் மூச்சுவாங்கச் சொன்னேன். சார் தன் அறை ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தார். கறுப்பு ஃபிலிம் முதல் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்தது. திரையை விட்டுவிட்டார். விமானம் அவருடையது, விருப்பம் அவருடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒட்டி முடித்ததும் விமானம் ஒரு அரசியல்வாதியின் கார்போல இருந்தது. பல்லா சாப் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். மேடத்துக்கு ஒரே குறைதான். உள்ளே இருட்டாக இருப்பதால் இருக்கையின் பிளாஸ்டிக் வெளியே தெரியவில்லையாம்.

மீன் செதில்

ஜூன் முடிவதற்குள் ஃபிலிம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று உத்தரவு வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, நகத்தால் சுரண்டாமல், ஒரு முழு நாள் உட்கார்ந்து எடுத்தேன்.

எடுத்த பிறகு ஜன்னல்கள் நேரே பார்த்தால் சுத்தமாக இருந்தன. சாயங்காலம் சூரியன் சரிந்தபோது உள்ளே உட்கார்ந்து மேற்கே பார்த்தேன். பக்கவாட்டு நாலு ஜன்னலிலும் ஆயிரம் மயிரிழை விரிசல்கள் ஒரே சமயத்தில் பற்றி எரிந்தன. மீனின் செதில்போல, தகதகவென்று. அழகாகத்தான் இருந்தது. சாயும் வெயிலில் திரும்பி இறங்கும்போது பக்கத்தில் இன்னொரு விமானம் வருகிறதா என்று பார்க்கிறவனுக்கு அந்த அழகுதான் தெரியும், விமானம் தெரியாது.

வருடாந்தர ஆய்வுக்குப் பத்து நாள் இருந்தது.

மறுநாள், விரிசலைப் பார்த்துவிட்ட கோபாலன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை; துடைத்திருக்கிறேன்.

"தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்றார்.

பதினோரு மாதத்தில் அன்றுதான் தம்பியானேன்.

விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். ஃபிலிம் ஒட்டியதை அவர் தடுக்கவில்லை என்று தெரிந்தால் அவருடைய உரிமத்துக்கே கேள்வி வரும். முதலாளி ஒட்டச் சொன்னார் என்று எழுதினால் முதலாளியின் முகத்தில் கரி பூசியதாகும். வீட்டு ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம் இருக்கிறதே, அதில் அம்மோனியா. அதை அக்ரிலிக்கில் போட்டாலும் இதே விரிசல் விடும். தெரியாத பையன் தெரியாமல் அதைப் போட்டுத் துடைத்துவிட்டான் என்றால் யாருக்கும் பெரிய பாதகமில்லை. கற்றுக்கொள்கிறவன், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

"நான் அதைத் தொட்டதுகூட இல்லை சார்" என்றேன்.

"தெரியும்ப்பா. உன்னை எனக்குத் தெரியாதா? நம்ம ஊர்ப் பிள்ளை."

நம்ம ஊர் எது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டார். பதினோரு மாதமாகத் தேடிய பேனா. என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். யோசித்தேன். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்குவதை யோசித்தேன். அப்பாவின் கான்கிரீட் வெடித்த பாதங்களை யோசித்தேன், இந்த மாதிரி நேரங்களில் அப்பாவின் பாதங்கள் எவ்வளவு வசதியாக நினைவுக்கு வருகின்றன. பிறகு என் நல்ல கையெழுத்தில், பிழையில்லாத ஆங்கிலத்தில், நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்ததாகவும் சேர்த்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது, மேலிருந்து கீழே நேராகத்தான் துடைக்க வேண்டும். பொய்யிலும் ஒரு தொழில் நேர்த்தி இருக்கட்டுமே என்று.

சார் ஒரே மூச்சில் பதினோரு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் நான் ஊதி ஊதி மையை உலர்த்தினேன். பதிவேடு கனத்ததுபோல இருந்தது. டீயும் அவரே வரவழைத்தார்.

ஒரு கேள்வி

ஆய்வாளர் ஒரு குள்ளமான அம்மா. பருத்தி சல்வார், தோளில் ஒரு பை, பையில் ஒரு டார்ச். யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தார். இருக்கைப் பட்டைகளை மடித்து நீட்டிப் பார்த்தார். மஞ்சள் பிளாஸ்டிக்கை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, மறுபடியும் அப்படியே விட்டார்.

பிறகு சார் நீட்டிய என் வாக்குமூலத்தைப் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே பல்லா சாப் வந்து சேர்ந்தார். கூடவே மேடம், ஒரு தட்டில் சமோசா.

ஆய்வாளர், ஜன்னல்கள் வீணாகிவிட்டனவே என்று பொதுவாகச் சொன்னார். பல்லா சாப்புக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. தன் பொருளைத் தான் கவனிக்கவில்லை என்று ஒரு அரசாங்க அதிகாரி நினைத்துவிடுவாரே. உடனே கைப்பேசியை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பாருங்கள் ஜி, வெயிலுக்கு நான் என்ன செய்தேன் என்று. கரோல் பாகிலேயே முதல்தரமான ஃபிலிம். இரண்டு ஆளை வைத்து, நானே நின்று ஒட்ட வைத்தேன். கம்பெனிக்காரனே ஏழு வருஷம் உத்தரவாதம் தந்திருக்கிறான்.

யாருடைய முகத்தில் கரி பூசக்கூடாது என்று நாங்கள் ஒரு பொய்யைக் கட்டினோமோ, அவர் அந்தக் கரியை மீசையாக முறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு வெட்கப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருக்குமா என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை.

ஆய்வாளர் படத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கோபாலன் சார் முந்திக்கொண்டார். பையன் எழுதிக் கொடுத்ததை நம்பினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தம்பியாயிருந்த நான் மறுபடியும் பையனாகிவிட்டேன்.

ஆய்வாளர் என்னை மட்டும் கொட்டகைக்குள் அழைத்துப்போனார். அங்கே உட்காரச் சிம்மாசனங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. என் பதிவேட்டைக் கேட்டார். ஒரே மையில், ஒரே சாய்வில் ஓடும் பதினோரு மாதக் கையெழுத்தை மெதுவாகப் புரட்டினார்.

"ஜன்னலை நீ அந்தத் திரவத்தால் துடைத்தாயா?" இந்தியில்தான் கேட்டார்.

"இல்லை மேடம். தாளில் எழுதியது பொய்."

"இந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது?"

"எல்லாம் நிஜம் மேடம். ஒவ்வொரு வரியும் நான் செய்த வேலை."

"தாளும் உன் கையெழுத்து. புத்தகமும் உன் கையெழுத்து. எது நிஜம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். பிளாஸ்டர் யானையின் முகத்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். இந்தப் பதிவுகளைச் சரிபார்க்க இயலவில்லை. கீழே முத்திரை. விமானம் புது ஜன்னல் போடும்வரை பறக்கக்கூடாது என்றும் வேறொரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோபாலன் சாருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்ததாகக் கேள்வி. சமோசாவை யாரும் தொடவில்லை. பல்லா சாப்புக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. புது ஜன்னலுக்கு வெள்ளி நிற ஃபிலிம் ஒட்டலாமா என்று என்னைத்தான் கேட்டார்.

அம்மா கேட்டது

வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பதினோரு மாதம் போயிற்று, இந்த வருடத் தேர்வு இல்லை, முதலிலிருந்து எழுத வேண்டும். சார் எப்படி ஏமாற்றினார் என்பதையும் விவரமாகச் சொன்னேன். அந்தப் பகுதியை வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்தேன்.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ரேஷன் கடையில, பேங்க்ல, எங்க போனாலும் நான் கைநாட்டுதான்" என்றாள். "ஆனா பெருவிரலை மையில வெக்கறதுக்கு முன்னாடி, இதுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டச் சொல்லுவேன். ஒருத்தன் படிச்சா நம்ப மாட்டேன், பக்கத்துல நிக்கறவனையும் படிக்கச் சொல்லுவேன். வரிசையில எல்லாரும் திட்டுவாங்க. திட்டட்டும்னு நிப்பேன்."

வெங்காயத்தைச் சட்டியில் தள்ளினாள்.

"உனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேணாம். நீயே எழுதியிருக்கற."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அடுத்த வாரம் புதுப் பதிவேடு ஒன்று வாங்கினேன். பழைய ஜன்னல்களைக் கழற்றியது அதில் முதல் வேலை. எழுதிவிட்டு அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். நான்கு பக்கவாட்டு ஜன்னல்கள் கழற்றப்பட்டன. கறுப்பு ஃபிலிம் ஒட்டியதால் ஏற்பட்ட விரிசல்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கு அந்த சாரு கையெழுத்து போடுவாரா?"

"தெரியலம்மா."

"போய்க் கேளு."

கேட்டேன். கோபாலன் சார் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு பதிவேட்டை மூடி, மேசையின் என் பக்கத்துக்குத் தள்ளினார்.

இரண்டாம் வரியிலிருந்து வேறொரு தளம், வேறொரு பொறியாளர். வாரந்தோறும் கையெழுத்து வந்துவிடுகிறது. அந்த முதல் வரிக்கு நேரே உள்ள கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.